கொடைரோட்டிலிருந்து கேம் டிசைனர் ஆகலாமா?

பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் நம் பக்கத்து வீடுகளில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. "கேம் டிசைன் படிக்கப்போறேன்" என்கிறது பிள்ளை. "விளையாட்டு சோறு போடுமா?" என்கிறார் அப்பா. இருவருக்கும் நடுவில் ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது: அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ்., கேமிங், மூன்றாண்டு டிகிரி, நூறு சதவீத வேலை உத்தரவாதம். அப்பாவிடம் இருப்பது பழைய பயம். விளம்பரம் விற்பது புதிய ஆசை. இரண்டும் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்ன பேச்சல்ல. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம்.

கொடைரோட்டை வைத்து எடைபோடுவதற்குக் காரணம் இருக்கிறது. அம்மையநாயக்கனூர் பேரூராட்சியில் மதுரை - திண்டுக்கல் பாதையில் ஒரு ரயில் நிலையம், நான்குவழிச் சாலையில் ஒரு டோல்கேட், சிறுமலை அடிவாரத்துத் திராட்சைத் தோட்டங்கள், பக்கத்தில் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட், கொஞ்சம் தள்ளி சிப்காட், நூற்பாலைகள். சுற்றுவட்டாரத்துப் பட்டதாரிகள் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறார்கள், இல்லையென்றால் ரயிலேறுகிறார்கள். கேம் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இந்த ஊரில் நிற்கிற ஒரு முடிவு தமிழ்நாட்டின் முக்கால்வாசி ஊர்களிலும் நிற்கும்.

மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் தீர்ப்பு தானாக வரும். இந்த வேலை உண்மையில் என்ன? இந்தியாவில் அது எப்படிப்பட்ட வேலையாகக் கிடைக்கிறது? இந்த ஊர்ப் பிள்ளை அதற்குள் நுழைய வழி உண்டா?

விதி எழுதும் வேலை

கேம் கம்பெனியில் கோடு எழுதுபவர் புரோகிராமர். உருவமும் நிறமும் அசைவும் செய்பவர் ஆர்ட்டிஸ்ட், அனிமேட்டர். தப்பு கண்டுபிடிப்பவர் டெஸ்டர். டிசைனர் இவர்களில் யாரும் இல்லை. ஆடுபவர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, செய்தால் என்ன ஆகும் என்று தீர்மானிப்பவர் அவர். விளம்பரங்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவினையைச் சொல்வதில்லை. டிசைன் என்ற பேரில் படம் வரையும் மென்பொருளைக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுகின்றன.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க கம்ப்யூட்டர்கூட வேண்டாம். பழைய கோயில் மண்டபத் தரைகளில் கீறிவைத்திருக்கும் ஆடு புலி ஆட்டம் போதும். பரவலாக ஆடப்படும் வடிவத்தில் கட்டத்தில் 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. புலி முதலிலிருந்தே நகரலாம். பக்கத்து ஆட்டைத் தாண்டி அப்பால் காலிப் புள்ளி இருந்தால் குதித்து வெட்டலாம். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை ஒரு ஆடும் நகரக்கூடாது.

ஏன் இந்த விதி? கழித்துப் பாருங்கள். ஓர் ஆடும் சாகாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் கட்டத்தில் மிஞ்சுவது 5 காலிப் புள்ளிகள்தான். மூன்று புலிக்கும் மூச்சு முட்டும். ஆகவே புலி ஆடுபவர் ஆரம்பத்திலேயே வெட்டியாக வேண்டும். ஒவ்வொரு வெட்டும் ஓர் ஆட்டைக் குறைப்பதோடு ஒரு புள்ளியையும் திறந்துவிடுகிறது. புலிக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கிறது. ஆடு ஆடுபவருக்கோ வைத்த ஆட்டை எடுத்து மாற்ற வழியில்லை. முதல் ஏழெட்டு ஆடுகளை வைக்கும்போதே கடைசிக் கட்டத்தை யோசித்தாக வேண்டும். தனி ஆட்டுக்குப் பலம் கிடையாது, முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நின்றால்தான் பலம் என்பதை யாரும் பாடம் நடத்தாமலேயே விதி உணர்த்திவிடுகிறது. ஆட்டை 17 ஆக்குங்கள். காலி இடம் 3 ஆகி, புலி பக்கம் உட்கார யாரும் வரமாட்டார்கள். 12 ஆக்குங்கள், புலி திரிந்து மேயும். ஓர் எண்ணை மாற்றி, ஆடிப் பார்த்து, இன்னொரு எண்ணை மாற்றும் அந்த வேலைதான் கேம் டிசைனரின் தினசரி. 'பாலன்ஸ்' என்று தொழிலில் சொல்வது இதைத்தான்.

பரமபதம் எதிர்ப்பக்க உதாரணம். அதில் ஆடுபவருக்கு முடிவெடுக்க ஒன்றும் இல்லை. தாயம் விழுந்தபடி ஏற வேண்டும், பாம்பு கடித்தால் இறங்க வேண்டும். ஆனாலும் வைகுண்ட ஏகாதசி ராத்திரியில் கண்விழிக்க அதைத்தான் விரித்து உட்கார்ந்தார்கள். தூக்கக் கலக்கத்திலும் ஆடக்கூடிய, தாத்தாவையும் பேரனையும் சமமாக்கும் ஆட்டம் அது. ஆட்டம் எந்தச் சந்தர்ப்பத்துக்கு, யாருக்கு என்பதைத் தீர்மானிப்பதும் டிசைனரின் வேலையே.

இந்த விளக்கத்திலிருந்து கிடைக்கும் முதல் முடிவு கசப்பானது. ராத்திரி முழுக்க மொபைலில் கேம் ஆடுவது இந்த வேலைக்குத் தகுதி ஆகாது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடையானபோது வருந்திய லட்சக்கணக்கானவர்களில், அந்தக் கேமில் நீல வட்டம் ஏன் சுருங்குகிறது, சுருங்காவிட்டால் ஆட்டம் என்ன ஆகும் என்று யோசித்தவர்கள் எத்தனை பேர்? யோசித்தவர்களுக்கு மட்டுமே இந்தக் கட்டுரையின் மிச்சப் பகுதி பயன்படும்.

'வெண்பா'வை நிறுத்துப் பார்த்தால்

தமிழர் ஒருவர் கேம் டிசைனராக உலக அளவில் பேர் வாங்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'வெண்பா' என்ற கேம் 2024இல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் தலைமைப் பரிசான சியூமஸ் மெக்னாலி பரிசையும், அதே ஆண்டு சிறந்த முதல் கேமுக்கான பாஃப்டா விருதையும் வாங்கியது. அதை வடிவமைத்தவர் அபி என்ற பெயரில் அறியப்படும் தமிழர். தொழிலுக்கு வர நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் சுட்டிக்காட்டும் பெயர் இன்று இதுதான். கொண்டாடியவர்கள் நிறையப் பேர். நிறுத்துப் பார்த்தவர்கள் குறைவு.

கதை 1988இல் தொடங்குகிறது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பாவும் பாவலனும், அங்கே பிறக்கும் மகன் கவினும்தான் குடும்பம். வெண்பாவிடம் அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு ஒன்று இருக்கிறது. பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கின்றன. இட்லி செய்ய வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேல்தட்டு வரை ஏறும் என்ற வரி நோட்டில் இல்லை. ஆடுபவரே தட்டைத் திருப்பிப் பார்த்து, குழியும் ஓட்டையும் இருக்கும் இடத்தைக் கவனித்து, யூகித்து அடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் டிசைனரின் கை தெரிகிறது. உலகத்துச் சமையல் கேம்களில் பெரும்பாலானவை அவசரத்தை விளையாட்டாக்குகின்றன. மணி ஓடும், வாடிக்கையாளர் முறைப்பார். 'வெண்பா' மணியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அழிந்த எழுத்தை வைத்தது. குறிப்பு கைமாறும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைகிறது என்ற கதையும், தொலைந்த வரியை யூகிக்க வேண்டும் என்ற விதியும் ஒன்றாகிவிட்டன. பின்னால் ஆட்டம் கவினின் கைக்கு வருகிறது. அம்மாவின் தமிழை அவனால் தடுமாறித்தான் படிக்க முடிகிறது. முதல் அத்தியாயத்தில் வெறும் புதிராக இருந்த அதே செயல் இப்போது வலிக்கிறது. வசனம் சொல்லியிருந்தால் இந்த வலி வந்திருக்காது, ஆடியதால் வருகிறது. கேம் என்ற வடிவத்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. பரிசு நியாயமானது.

குறையும் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். புதிர்கள் எண்ணிக்கையில் குறைவு, கடினத்திலும் குறைவு. தவறினால் பெரிய இழப்பும் இல்லை. உரையாடலில் நாம் தேர்ந்தெடுக்கும் பதில்கள் கதையின் போக்கைப் பெரிதாக மாற்றுவதில்லை. பிற்பகுதியில் கேம் பின்வாங்கிக் கதை முன்னால் வந்துவிடுகிறது. முதல் அத்தியாயம் காட்டிய வடிவ நம்பிக்கையைக் கடைசிவரை கொண்டுபோகவில்லை என்பதே என் கணிப்பு. சின்னக் குழு தன் சக்திக்குத் தக்க அளவில் கேமைச் சுருக்கிக்கொண்டது என்று இதையே பாராட்டாகவும் சொல்லலாம். முடிக்க முடியாத பெரிய கேமைவிட முடித்த சின்னக் கேம் மேல் என்பது தொழிலில் எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை.

ஆனால் வேலை தேடும் பிள்ளை இந்த வெற்றியிலிருந்து எதைக் கற்க வேண்டும்? பொருள் தமிழ்நாட்டுடையது, மண் ஒன்டாரியோவினுடையது. டொராண்டோ பெரிய ஸ்டூடியோக்கள் இருக்கும் நகரம். கேம் தயாரிப்புச் சம்பளச் செலவில் ஒரு பங்கை வரிச்சலுகையாகத் திருப்பித் தரும் திட்டத்தை ஒன்டாரியோ மாகாணம் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. பக்கத்து மேஜையில் மூத்த டிசைனர் கிடைப்பார், ஆடிப் பார்க்க ஆள் கிடைக்கும், தோற்றால் வேறு ஸ்டூடியோவில் வேலை கிடைக்கும். இட்லிக்கும் ரசத்துக்கும் கனடா போக வேண்டியதில்லை. இந்த மூன்றுக்கும் நம்மவர்கள் எங்கேயாவது போகத்தான் வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இருப்பது என்ன வேலை

இந்தியக் கேம் தொழிலுக்கு வயது முப்பதை நெருங்குகிறது. ராஜேஷ் ராவ் பெங்களூரில் துருவா இன்டராக்டிவை 1997இல் தொடங்கினார். அது வளர்ந்த விதத்திலேயே தொழிலின் குணம் தெரிகிறது. வெளிநாட்டுப் பெரிய கேம்களுக்குத் தேவையான கார், கட்டடம், மரம், உடை போன்றவற்றை உருவாக்கிக் கொடுக்கும் ஆர்ட் வேலையே அதன் முதுகெலும்பு ஆயிற்று. 2019இல் கேம் நிறுவனமான ராக்ஸ்டார் அதை வாங்கிக்கொண்டது. திறமையில் குறை இல்லை. ஆனால் கார் எவ்வளவு வேகம் போக வேண்டும், எந்தத் திருப்பத்தில் சறுக்க வேண்டும் என்ற முடிவு வேறு நாட்டில் எடுக்கப்பட்டது. இங்கே காருக்குப் பெயின்ட் அடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் தொழிலில் டிசைனர் நாற்காலிகள் குறைவாக இருப்பதற்கு வேர்க்காரணம் இதுதான்.

பன்னாட்டு கேம் நிறுவனமான யூபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டூடியோக்கள் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: த சேண்ட்ஸ் ஆஃப் டைம்' மறுஆக்கத்தைச் செய்வதாக 2020 செப்டம்பரில் அறிவிப்பு வந்தபோது இந்திய கேம் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முதல் டிரெய்லருக்கே ரசிகர்களிடமிருந்து கடும் விமர்சனம். தேதி தள்ளிப்போய், 2022 மே மாதம் வேலையே மாண்ட்ரியலுக்கு மாற்றப்பட்டது. இரண்டு வருடத்தில் ஒரு வாய்ப்பு வந்தது, போனது. பெரிய கேமை முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை கொண்டுபோய்ப் பழகிய மூத்தவர்கள் இங்கே போதவில்லை என்பதே அதன் பாடமாகப் படுகிறது. மூத்தவர்கள் இல்லாத தொழிலில் இளையவர் யாரிடம் கற்பார்?

அடுத்தது மொபைல். இலவசமாக இறக்கி ஆடலாம், உள்ளே காசு கொடுத்து வாங்கலாம் என்ற வகை. டிசைனர் வேலை அதிகம் கிடைப்பது இங்கேதான். கேம் எகானமி, லைவ் ஆப்ஸ், ரிட்டென்ஷன் என்று அதற்குத் தனிப் பேச்சே உண்டு: இன்று ஆடியவர் நாளை திரும்புவாரா, எந்த லெவலில் விட்டுப்போகிறார், எந்தக் கட்டத்தில் பத்து ரூபாய் செலவழிப்பார். கணக்கும் மனித மனமும் தெரிந்தவருக்கு ருசியான வேலை. பழைய ஆட்டத்தைப் புதுச் சட்டையில் கொடுத்தாலும் ஓடும் என்று 2016இல் வந்த 'லூடோ கிங்' காட்டியது. கொரோனா ஊரடங்கில் அதை ஆடாத வீடு குறைவு. ஆனால் ஆடுபவரின் பலவீனத்தை அளந்து அதில் கைவைக்கும் வேலையாகவும் இது எளிதில் மாறும்.

அப்படி மாறியதன் உச்சம் பணம் வைத்து ஆடும் ரம்மி, போக்கர், ஃபேன்டஸி ஸ்போர்ட்ஸ். சில ஆண்டுகள் நல்ல சம்பளம் கொடுத்த பகுதி இதுதான். கடன்பட்டுத் தற்கொலைகள் நடந்ததைப் பார்த்துத் தமிழ்நாடு 2022இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் எல்லாவற்றையும் தடைசெய்தது. பெரிய கம்பெனிகள் சில நாட்களுக்குள் கடையைச் சாத்தின, ஆட்குறைப்பு தொடர்ந்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும் பணமில்லா கேம்களையும் ஊக்குவிப்பதாகச் சொல்கிறது. ஊக்கம் இனிமேல் வர வேண்டியது, போன வேலை போனதுதான். சட்டத்தை நான் வரவேற்கிறேன். 'லட்சம் கோடித் துறை' என்று விளம்பரம் காட்டிய தொகையில் எவ்வளவு இந்தப் பணத்தாட்டத்தினுடையது என்று அப்போதே யாரும் பிரித்துச் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு நிலவரமும் ஆறுதல் தராது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேமிங் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதம் சோனி பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேரையும் அனுப்பின. 2025 தொடக்கத்தில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ். கலைஞர்கள் ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தார்கள். ஏ.ஐ. கருவிகள் முதலில் கடிப்பது சொன்னதைச் செய்துகொடுக்கும் ஆர்ட் வேலையை; இந்தியா நம்பியிருப்பதும் அதையே. எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் வேலை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்த நாற்காலிக்குப் போகும் ஏணியின் கீழ்ப்படிகள் ஆட்டம் கண்டிருக்கின்றன.

சொந்தமாகச் செய்தால்?

வேலை கிடைக்காவிட்டால் நானே கேம் செய்து வெளியிடுவேன் என்பது அடுத்த வாதம். கருவிகளைப் பொறுத்தவரை இது உண்மையாகிவிட்டது. அர்ஜென்டினாவில் பிறந்து 2014இல் திறந்த மூலமாக வெளிவந்த, கேம் உருவாக்கும் கோடோ என்ஜினுக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். சாதாரண லேப்டாப்பில் ஓடும். செய்த கேமை, கேம்களை வெளியிடும் இட்ச் தளத்தில் இலவசமாக ஏற்றலாம். கூகுள் பிளேயில் ஒருமுறைக் கட்டணம் 25 டாலர், கம்ப்யூட்டர் கேம் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர். அம்மையநாயக்கனூரில் இருப்பவருக்கும் அமெரிக்காவில் இருப்பவருக்கும் வாசற்படி ஒரே உயரம்.

வாசல் திறந்திருப்பதால்தான் உள்ளே கூட்டம். ஸ்டீமில் 2024இல் மட்டும் 18 ஆயிரத்துக்கு மேல் கேம்கள் வந்தன. விற்றதில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு. 'ஸ்டார்டியூ வேலி'யைத் தனியாளாக உருவாக்கிய எரிக் பரோனை எல்லாருக்கும் தெரியும். அவரைப் போலவே நான்கு வருடம் உழைத்து நானூறு பிரதிகூட விற்காதவர்களை யாருக்கும் தெரியாது. ஜெயித்தவர் கதையை மட்டும் கேட்டு எடுக்கும் முடிவு லாட்டரிச் சீட்டு எடுக்கும் முடிவு.

இந்திய அனுபவமும் இதையே சொல்கிறது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 'ராஜி' கேமுக்காக 2017இல் கூட்டுநிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கேட்ட பணம் திரளவில்லை. பிறகும் விடாமல் செய்து 2020இல் வெளியிட்டார்கள். அந்த ஆண்டு த கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுகக் கேம் பட்டியலில் இடம்பிடித்தது. சண்டைக் காட்சிகளில் பிசிறு இருந்தது, முடிவு பட்டென்று அறுந்தது. ஆனாலும் கட்டடக்கலையும் கதையும் உலகம் பார்க்காதவை.

கொடைரோட்டுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. ஸ்டூடியோ ஓலியோமிங்கஸ் இயங்குவது குஜராத்தில் வாபி பக்கம் சாலா என்ற சின்ன ஊரில். காலனியம், மொழிபெயர்ப்பு, வரலாற்றுப் புரட்டு என்று கனமான விஷயங்களை விசித்திர வண்ணங்களில் கேமாக்கும் த்ருவ் ஜானியின் பணி உலகக் கலை அரங்குகளில் பேசப்படுகிறது. சின்ன ஊர் தடையில்லை என்பதற்கு இது சாட்சி. அவர்களுடைய பல கேம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சாட்சி முழுமையாகும். அது கலைஞரின் பாதை. மாதச் சம்பளத்தை எதிர்பார்க்கும் குடும்பத்துக்கு அதைக் காட்டி நம்பிக்கை ஊட்டுவது நியாயமில்லை.

ஊர் கொடுப்பது, ஊர் கொடுக்காதது

ஊர் கொடுப்பது பொருள். நிலக்கோட்டை மல்லிகையையே எடுத்துக்கொள்வோம். மொட்டாக இருக்கும்போது, விடிவதற்கு முன்பே பறிக்க ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கே விற்காவிட்டால் மலர்ந்து மதிப்பு போகும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விலை ஏறும். மார்கழிப் பனியில் வரத்து குறைந்தால் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். வரத்து குவிந்தால் சில நூறுக்கு விழும். இன்னும் விழுந்தால் சென்ட் ஃபேக்டரி எடுத்துக்கொள்ளும். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கிய விவசாயி விலை பார்த்துக் கடை மாற முடியாது.

இதைக் கேமாக்கினால் விதிகள் ஏற்கெனவே தயார்: நேரம் போகப் போகத் தேயும் சரக்கு, பஞ்சாங்கம் தீர்மானிக்கும் தேவை, ஃபேக்டரி தரும் அடிவிலை, கையைக் கட்டும் கடன். ஆடுபவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று, ஆனால் கடினமானது: இன்றைய விலை தெரியாத இருட்டில், பறிக்க எத்தனை பேரைக் கூலிக்குக் கூப்பிடுவது? பறிப்புக்கூலிகூடக் கட்டாத நாளில் பூவைச் செடியிலேயே விடுவதுதான் புத்திசாலித்தனம். அடிவிலையைக் கூட்டி வைத்தால் ஆட்டத்தில் பயம் இருக்காது. குறைத்து வைத்தால் மூன்றாம் நாளே எல்லாரும் திவாலாகி மூடிவிட்டுப் போவார்கள். எங்கே வைப்பது என்பது ஆடிப் பார்த்துத்தான் தெரியும். டொராண்டோ டிசைனருக்கு இதைக் கற்க வருடங்கள் ஆகும். பூக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இது அன்றாடம்.

ஊர் கொடுக்காதது ஆட்கள். நல்ல டிசைனர் ஆக, தான் செய்த ஆட்டத்தை முன்பின் தெரியாத ஒருவர் ஆடித் தடுமாறுவதை வாய்திறக்காமல் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். 'இதை அழுத்துங்க' என்று சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. கல்லூரி நண்பர்களை வைத்து இதில் பாதியைச் சமாளிக்கலாம். மீதிப் பாதி, பத்து கேம் முடித்து வெளியிட்ட ஒரு மூத்தவர் உங்கள் ஆட்டத்தைப் பார்த்து "இந்த விதி எதற்கு, எடுத்துவிடு" என்று சொல்வது. அதற்குக் கொடைரோட்டில் ஆள் இல்லை. மதுரையிலும் எளிதில் கிடைக்காது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புனேயிலும் இருக்கிறார்கள். இணையம் கருவியைக் கொண்டுவந்து சேர்த்தது போல இந்தக் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

டிகிரி என்னும் செலவு

தனியார் நிறுவனங்களில் கேமிங் டிகிரிக்குச் சில லட்சங்கள் ஆகின்றன. எல்லாம் மோசடி என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆசிரியர் இருக்கும் இடங்கள் உண்டு. ஆனால் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகளை நம் பெற்றோர் கேட்பதில்லை. உங்கள் மாணவர்கள் முடித்து வெளியிட்ட கேம்களின் பெயர் என்ன, நான் இறக்கி ஆடிப் பார்க்கலாமா? பாடம் எடுப்பவர் எந்தக் கேமில் வேலை செய்தவர்? வேலைக்குப் போனவர்களில் டிசைனர் ஆனவர்கள் யார், வீடியோ எடிட்டிங்குக்குப் போனவர்கள் எத்தனை பேர்? இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்தில் நூறு சதவீத உத்தரவாதம் எழுதியிருந்தால் திரும்பி நடந்துவிடலாம்.

கம்பெனிகள் ஆளெடுக்கும்போது பார்ப்பது போர்ட்ஃபோலியோ. ஐந்து நிமிடம் ஆடக்கூடிய, ஆனால் முழுமையாக முடித்த சில சின்னக் கேம்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு: முதலில் எப்படி இருந்தது, ஆடியவர்கள் எங்கே சிக்கினார்கள், எந்த விதியை ஏன் மாற்றினேன். இதை எந்தக் கல்லூரியில் படித்துக்கொண்டும் செய்யலாம். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் கேம் செய்யும் 'ஜாம்' போட்டிகள் இணையத்தில் வருடம் முழுக்க நடக்கின்றன. அவை இரண்டு பழக்கங்களைத் தருகின்றன: முடிப்பது, முகம் தெரியாதவரிடம் திட்டு வாங்குவது. முறையான படிப்பு வேண்டுமென்றால் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன் (என்.ஐ.டி.) போன்ற அரசு நிறுவனத்தில் கேம் டிசைனுக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. முதலில் கட்டுபடியாகும் ஒரு பட்டம், பிறகு நுழைவுத்தேர்வு என்ற வரிசை குடும்பத்தைக் கடனில் தள்ளாது.

தீர்ப்பு

மூன்று கேள்விகளுக்கும் விடை கையில் இருக்கிறது. வேலை உண்மையானது, கணக்கும் கலையும் மனித மனமும் சேர்ந்த, மதிக்கத்தக்க வேலை. இந்தியாவில் அதன் நாற்காலிகள் குறைவு, அவற்றில் சில நாற்காலிகளில் மனசாட்சியோடு உட்கார முடியாது. சின்ன ஊர் தொடங்குவதற்குத் தடையில்லை, வளர்வதற்குத் தடைதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. கேம் டிசைனைப் பதினேழு வயதில் தொடங்கு, ஆனால் பதினேழு வயதில் அதை விலைகொடுத்து வாங்காதே. பக்கத்தில் கிடைக்கும் அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸோ கணிதமோ தமிழ் இலக்கியமோ படி. மூன்று வருடத்தில் கோடோவில் ஐந்தாறு சின்னக் கேம்களை முடித்து, பிறரை ஆடவிட்டுத் திருத்து. படிப்பு முடியும்போது அவை நன்றாக இருந்தால் திண்டுக்கல்லில் இரவு ரயிலேறிப் பெங்களூரு போ. டெஸ்டராகவோ ஜூனியர் புரோகிராமராகவோ நுழை. டிசைனர் நாற்காலிக்குப் பலர் இந்தப் பக்கவாசல் வழியாகத்தான் வந்தார்கள். பத்து வருட அனுபவத்தோடு ஊர் திரும்பிப் பூ மார்க்கெட் கேமைச் செய்தால் அதற்கு எடை இருக்கும். மூன்று வருடத்தில் ஒரு கேம்கூட முடிக்க முடியவில்லையா? நஷ்டம் ஒன்றுமில்லை, கையில் ஒரு பட்டமும் கோடிங்கும் மிஞ்சும், இந்த வேலை தனக்கில்லை என்ற தெளிவும் மிஞ்சும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கேம் டிசைனர் ஆகப்போகிறேன் என்று சொன்னால் திட்ட வேண்டாம், தோட்டத்தை அடமானம் வைக்கவும் வேண்டாம். "நீ செஞ்ச கேமைக் கொடு, நான் ஆடிப் பாக்குறேன்" என்று கேளுங்கள். கொடுத்தால், உட்கார்ந்து ஆடுங்கள். கொடுக்க ஒன்றும் இல்லையென்றால் பேச்சை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள்.